குமரி மலைகளில் காட்டு ஆர்க்கிட் தேடிப் படம் எடுக்க: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு நேராகக் கீரிப்பாறைக்கோ காளிகேசத்துக்கோ வண்டி ஏறுகிறவர்கள் பெரும்பாலும் சோதனைச் சாவடி வரை போய், ரப்பர் மரங்களைப் பார்த்து, ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புகிறார்கள். காட்டுக்குள் போக அனுமதி வேண்டும் என்பதே அங்கு போன பிறகுதான் தெரிகிறது. எங்கே வாங்குவது என்று கேட்டால் ஆளுக்கொரு அலுவலகத்தைச் சொல்கிறார்கள். நானும் அப்படி அலைந்தவன்தான். அடுத்து வருகிறவர்களாவது அலையாமல் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் தொடக்கநிலைக்காரர் படம் எடுக்கக்கூடிய ஆர்க்கிட்கள் பல, காட்டுக்கு வெளியே, வீட்டுப் பலாமரத்திலும் சாலையோரப் புளியமரத்திலும் இருக்கின்றன. முதல் வருடம் அவற்றோடு போகட்டும். அனுமதி விண்ணப்பத்தை அதற்குள் போட்டுவிடுங்கள்.

1. பூவைத் தேடாதீர்கள், செடியைத் தேடுங்கள்

பெரும்பாலான ஆர்க்கிட்கள் வருடத்தில் சில வாரங்கள்தான் பூக்கும். மீதி நாளெல்லாம் வெறும் இலையும் வேருமாகக் கிளையில் ஒட்டிக்கொண்டிருக்கும். பூத்திருக்கும்போது மட்டும் கண்டுபிடிப்பேன் என்றால் அதிர்ஷ்டத்தை நம்பித்தான் அலைய வேண்டும். பூ இல்லாத காலத்தில் செடியைக் கண்டுபிடித்து, மரத்தைக் குறித்து வைத்து, பருவத்தில் திரும்பிப் போகிறவருக்குத்தான் நல்ல படம் கிடைக்கிறது.

அடையாளம் காண வேரைப் பாருங்கள். மரத்தில் வாழும் ஆர்க்கிட்டின் வேர் சில இனங்களில் பென்சில் தடிமன்வரை வரும், பட்டையோடு ஒட்டியோ காற்றில் தொங்கியோ இருக்கும். காய்ந்திருக்கும்போது சாம்பல் கலந்த வெள்ளை. மழை பட்ட சில நிமிடங்களில் அதே வேர் பச்சையாக மாறிவிடும். மேலே உள்ள வேலமன் என்னும் பஞ்சு போன்ற திசு நீரை உறிஞ்சியதும் உள்ளிருக்கும் பச்சை வெளியே தெரிகிறது. வளரும் நுனி மட்டும் எப்போதும் பளபளப்பாக இருக்கும். இதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்துவிட்டால் பெரணியையும் ஆர்க்கிட்டையும் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள்.

புல்லுருவி வேறு. அது மரத்துக்குள் வேரைச் செலுத்திச் சாற்றை உறிஞ்சும். இலைகள் மரத்தின் இலைகளோடு கலந்து புதராக நிற்கும். ஆர்க்கிட் தொற்றுத்தாவரம். இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும், சாற்றை எடுக்காது. தோட்டக்காரர்கள் பலர் இரண்டையும் ஒன்றென நினைத்து வெட்டிப் போடுகிறார்கள். நீங்கள் போய்ப் பேசினால் ஒன்றிரண்டு செடிகளாவது தப்பிக்கும்.

பூவைச் சோதிக்க எளிய வழி: வெளியே மூன்று, உள்ளே மூன்று என ஆறு உறுப்புகள், உள்ளே உள்ள மூன்றில் ஒன்று மட்டும் வடிவத்திலும் நிறத்திலும் வேறுபட்டு உதடுபோல் நீண்டிருக்கும், நடுவே மகரந்தத் தாளும் சூல்முடியும் ஒன்றாய் இணைந்த சிறிய தூண். இந்தத் தூண் இருந்தால் ஆர்க்கிட் என்று நம்பலாம்.

கண் பழக, புலியூர்க்குறிச்சியில் வனத்துறை பல்லுயிர்ப் பூங்காவாகப் பராமரிக்கும் உதயகிரிக் கோட்டைக்குப் போய், வயதான மரங்களின் கிளைகளைத் தொலைநோக்கியால் அலசுங்கள். திருவனந்தபுரம் பக்கம் பாலோட்டில் உள்ள ஜவாஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டத்திலும், ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டத்திலும் பெயர்ப் பலகையோடு செடிகளைப் பார்க்கலாம். பாலோடு ஒரு நாளில் போய் வரக்கூடிய தூரம்தான்.

2. அனுமதி இல்லாமல் எங்கே தேடலாம்

பலா, மா, புளி, அயனி. பட்டை சொரசொரப்பாக, வயதான, கிளை அகன்ற மரங்கள்தான் ஆர்க்கிட்டுக்குப் பிடிக்கும். ரப்பர் தோட்டத்தில் நேரத்தை வீணாக்க வேண்டாம். பால் வெட்டும் பட்டையில் எதுவும் நிலைப்பதில்லை. மரமும் கிழடாகும் முன்பே வெட்டப்பட்டு மறுநடவு ஆகிவிடும். ரப்பர் தோட்டத்தின் எல்லையில் யாரும் தொடாமல் விட்ட ஒற்றை அயனியைப் பாருங்கள்.

சமவெளியில் எளிதாகக் கிடைப்பது வாண்டா டெசலேட்டா. தோல் போன்ற நீண்ட இலைகள் இரண்டு வரிசையாக மடிந்திருக்கும். இலை நுனி கடித்துத் துப்பியதுபோல் ஒழுங்கற்று இருக்கும். பூவில் பழுப்பு வலைக்கோடுகள், உதட்டில் ஊதா. அகாம்பே பிரேமோர்சாவின் இலை இன்னும் தடிப்பு; மஞ்சள் பூவில் செம்பழுப்புப் பட்டைகள் போட்டிருக்கும். மரப்பொந்துகளில் கொத்தாக முளைத்து, பூங்கொத்தைக் கீழ்நோக்கித் தொங்கவிடுவது சிம்பிடியம் அலோயிஃபோலியம். நரிவால் ஆர்க்கிட் எனப்படும் ரிங்கோஸ்டைலிஸ் ரெட்டுசாவைச் சொல்லவே வேண்டாம். வெள்ளையில் இளஞ்சிவப்புப் புள்ளி வைத்த அடர்ந்த பூங்கதிர், தொலைவிலிருந்தே கண்ணில் படும்.

வறண்ட கிழக்குப் பக்கத்தை மறந்துவிடாதீர்கள். புதர்க்காடுகளில், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே உள்ள மஞ்சள் நிற வாண்டா ஸ்பாதுலாட்டா புதர்மேல் தொற்றி ஏறும். மருந்துவாழ்மலைக்குப் போனால் பக்தர்கள் ஏறும் பாதையை விட்டு இறங்க வேண்டாம். பாதையிலிருந்தே பாறை இடுக்குகளையும் புதர்களையும் பார்க்கலாம்.

தனியார் நிலத்தில் வீட்டுக்காரரிடம் கேட்காமல் கேமராவைத் தூக்காதீர்கள். மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறவரை ஊரில் மரவியாபாரி என்றோ சாலை அகலப்படுத்த அளக்க வந்தவர் என்றோதான் நினைப்பார்கள். "அண்ணாச்சி, உங்கள் பலாமரத்தில் ஒரு செடி பூத்திருக்கிறது, கீழே நின்றே படம் எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டுவிட்டு, செல்பேசியில் அந்தப் பூவின் படத்தைக் காட்டினால் சந்தேகம் போய்விடும். விளவங்கோடு, கல்குளம் பக்கம் ஆர்க்கிட் என்றால் விழிக்கிறவர்கள்கூட மரவாழை என்றால் புரிந்துகொள்வார்கள். எடுத்த படத்தை அவர்களுக்கு அனுப்புங்கள். அடுத்த வருடம் பூத்ததும் அவர்களே கூப்பிட்டுச் சொல்வார்கள்.

மாறாமலை, பாலமோர் பகுதிகளில் கிராம்பு, ஏலம் பயிரிடும் தனியார் எஸ்டேட்டுகள் உண்டு. அங்கே நிழல் மரங்களில் நிறைய ஆர்க்கிட் இருக்கும். ஆனால் உரிமையாளரின் சம்மதம் மட்டும் போதாது. வழி காப்புக்காட்டின் ஊடாகப் போனால் சாவடியில் நிறுத்துவார்கள். எஸ்டேட் அலுவலகத்திலிருந்து உங்கள் பெயர், தேதி, வண்டி எண் போட்ட கடிதம் வாங்கி, வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.

3. எப்போது போவது

தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. ஆகவே ஏதாவது ஒன்று எப்போதும் பூத்திருக்கும். ஏதாவது ஒரு பாதை எப்போதும் மூடியிருக்கும்.

மரத்து ஆர்க்கிட்களுக்கு ஏப்ரல் முதல் ஜூலை வரை சிறந்த காலம். சிம்பிடியமும் வாண்டாவும் அகாம்பேயும் முன்னால் வரும். நரிவால் மே, ஜூனில். கோடை மழை இரண்டு மூன்று பெய்ததும் நெர்விலியா என்ற தரை ஆர்க்கிட்டைத் தேடித் தரையைப் பாருங்கள். முதலில் இலையே இல்லாமல் பூத்தண்டு மட்டும் மண்ணிலிருந்து எழும். பூ வாடிய பிறகுதான் ஒற்றை இலை வரும். சில நாள் தாமதித்தால் பூவைத் தவறவிட்டு இலையைத்தான் படம் எடுப்பீர்கள்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை தரை ஆர்க்கிட்களின் காலம். ஹேபனேரியாக்கள் புல்வெளிகளிலும் ஈரமான சரிவுகளிலும் எழும். அக்டோபர், நவம்பரில் கனமழை பெய்தால் காளிகேசம் போன்ற இடங்களுக்கு அனுமதியை நிறுத்திவிடுவார்கள். பயணத்துக்கு முதல் நாள் மாலை சரக அலுவலகத்தில் கேட்டுவிட்டே கிளம்புங்கள். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை காட்டுத்தீப் பருவம். அந்த நாட்களில் காட்டு அனுமதி கேட்டு எழுதுவதே வீண்.

4. காட்டுக்குள் போக அனுமதி

இதில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

மாவட்டத்தின் மலைக்காடுகளில் பெரும்பகுதி கன்னியாகுமரி வன உயிரின சரணாலயம். அழகியபாண்டியபுரம், பூதப்பாண்டி, குலசேகரம், வேளிமலை, களியல் என்று வனச்சரகங்கள் பிரிந்திருக்கின்றன. நீங்கள் போக நினைக்கும் இடம் எந்தச் சரகத்தில் வருகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சரகத்தின் பெயர் இல்லாத விண்ணப்பம் மேசை மேசையாகச் சுற்றும்.

சரணாலயத்துக்குள் நுழைய அனுமதி தரும் அதிகாரம், 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு உண்டு. ஆய்வு, புகைப்படம், சுற்றுலா ஆகியவை அந்தப் பிரிவில் ஏற்கப்பட்ட நோக்கங்கள். விண்ணப்பத்தில் இந்தப் பிரிவைக் குறிப்பிடுங்கள். படிக்கிறவருக்கு வேலை எளிது. தொடங்க வேண்டிய இடம் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட வன அலுவலகம். அங்கிருந்து சென்னைக்குப் போக வேண்டியதா, இங்கேயே முடியக்கூடியதா என்பதை அவர்களே சொல்வார்கள். கீழே சாவடியில் இருக்கும் காவலரிடம் அனுமதி கேட்டுக் கெஞ்சுவதில் பயனில்லை. அவருக்கு அந்த அதிகாரம் கிடையாது. இரக்கப்பட்டு உள்ளே விட்டாலும் பிறகு மாட்டுவது அவரும் நீங்களும்தான்.

விண்ணப்பம் ஒரே பக்கத்தில், தமிழிலேயே இருக்கலாம். அதில் இருக்க வேண்டியவை: யார் நீங்கள், எந்தச் சரகத்தில் எந்தப் பகுதி, எந்தத் தேதிகள், உடன் வருகிறவர்களின் பெயர்கள், வண்டி எண், கொண்டுவரும் கருவிகளின் பட்டியல். "நிலைப்படம் மட்டும், வணிக நோக்கம் இல்லை, ட்ரோன் இல்லை, செடிகளையோ விதைகளையோ எடுக்க மாட்டோம், இரவில் தங்க மாட்டோம்" என்று வெளிப்படையாக எழுதுங்கள். வீடியோ என்ற சொல் வந்தாலே கோப்பு வேறு வழியில் போகும், கட்டணமும் மாறும். ஒரு தேதியோடு நிற்காமல் மாற்றுத் தேதிகளும் கொடுங்கள். மழையோ யானையோ உங்கள் தேதியைக் கேட்டு வருவதில்லை.

இணைப்புகள்: எல்லோருடைய ஆதார் நகல், பாஸ்போர்ட் அளவுப் படம், கல்லூரி அல்லது இயற்கை அமைப்பு ஏதாவது உங்களை அறிந்திருந்தால் ஒரு பரிந்துரைக் கடிதம், இதற்கு முன் எடுத்த ஆர்க்கிட் படங்கள் நான்கைந்து ஒரு தாளில். சாலையோரப் புளியமரத்தில் எடுத்த படங்கள் இங்கேதான் கைகொடுக்கும். உண்மையிலேயே செடி பார்க்கிற ஆள் என்பதற்கு அவற்றைவிட வேறு சான்று வேண்டாம்.

இரண்டு நகல் எடுத்துப் போங்கள். ஒன்றைத் தபால் பிரிவில் கொடுத்து, மற்றதில் முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இந்த முத்திரை இல்லாமல் பிறகு போய் விசாரித்தால், "எந்த விண்ணப்பம்?" என்பார்கள். குறைந்தது ஒரு மாதம், முடிந்தால் இரண்டு மாதம் முன்பே கொடுங்கள். மே மாதப் பூவுக்கு மார்ச்சிலேயே கோப்பு நகர வேண்டும்.

அனுமதி வந்த பிறகும் வேலை முடியவில்லை. கடிதத்தின் நகலோடு சரக அலுவலகத்துக்குப் போய் வனச்சரகரைப் பாருங்கள். உங்களோடு வனக்காப்பாளரோ வேட்டைத் தடுப்புக் காவலரோ வருவார். அவர் திரும்பச் சொன்னால் பூ எதிரிலேயே இருந்தாலும் திரும்ப வேண்டும். இந்த மலைகளில் வாழும் காணிப் பழங்குடி மக்களில் ஒருவர் வழிகாட்டியாக வந்தால் பாக்கியம். எந்த மரத்தில் எது பூக்கும் என்பது நமக்குப் படித்துத் தெரிவதைவிட அவர்களுக்குப் பார்த்துத் தெரியும்.

எல்லைகளில் கவனம். கேரள வனத்துறை தரும் அனுமதி இங்கே செல்லாது, இங்கே தந்தது அங்கே செல்லாது. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குத் தனி அனுமதி. மேல் கோதையாறு குமரியின் தலைக்கு மேல் இருந்தாலும் சாலை மணிமுத்தாறு, மாஞ்சோலை வழியாக, திருநெல்வேலி மாவட்டத்திலிருந்துதான் ஏறுகிறது. கீழ்க் கோதையாற்றிலிருந்து போகும் விஞ்ச் (கம்பிவடம் இழுக்கும் வண்டி) மின்வாரியப் பணியாளர்களுக்கானது. மகேந்திரகிரி அடிவாரத்தில் இஸ்ரோ வளாகம் இருக்கிறது, அந்தப் பக்கம் கேமராவை வெளியே எடுக்கவே வேண்டாம்.

இவ்வளவு காகித வேலை ஒத்துவராது என்பவர்களுக்கு, 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் இருக்கிறது. இணையத்தில் முன்பதிவு செய்து வழிகாட்டியோடு காட்டுப்பாதையில் நடக்கலாம். குழுவோடு நடக்க வேண்டும் என்பதால் ஒரு பூவுக்கு அரை மணி நேரம் ஒதுக்க விடமாட்டார்கள். செடி இருக்கும் இடங்களை நோட்டம் பார்க்க நல்ல வழி.

5. செலவு

வனத்துறைக் கட்டணங்களை இங்கே எழுதினால் நீங்கள் படிக்கும்போது மாறியிருக்கும். நுழைவு, வண்டி, கேமரா மூன்றுக்கும் தனித்தனியே கட்டணம் இருக்கக்கூடும், உடன் வருகிறவரின் நாள் கூலியும் சேரலாம் என்று கணக்கு வையுங்கள். எது கொடுத்தாலும் ரசீது கேளுங்கள். ரசீது இல்லாத கட்டணம் கட்டணமே இல்லை.

கருவிக்குக் கையைச் சுட்டுக்கொள்ள வேண்டாம். சிறிய பூவை நெருங்கி எடுக்க, கேமராவோடு வரும் சாதாரண லென்ஸைத் திருப்பி மாட்ட உதவும் ரிவர்ஸ் ரிங் சில நூறு ரூபாய்தான். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் எக்ஸ்டென்ஷன் ட்யூப் அதற்கு அடுத்தபடி. மேக்ரோ லென்ஸ் வாங்குவதென்றால் பழையதைப் பாருங்கள். பழைய லென்ஸில் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று விளக்கொளியில் ஊடுருவிப் பார்த்து வாங்குங்கள். குமரியின் ஈரத்துக்கு லென்ஸில் பூஞ்சை சர்வசாதாரணம். வீட்டிலும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். அட்டைக் கடிக்குத் தடுப்பாக முழங்கால் வரை வரும் துணி உறை வாங்குங்கள். இந்த ஒன்றில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

நாகர்கோவிலிலிருந்து கீரிப்பாறை, பாலமோர், பேச்சிப்பாறைக்குப் பேருந்து உண்டு. ஏறும்போதே நடத்துநரிடம் கடைசிப் பேருந்து நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தவறவிட்டால் ஆட்டோ வாடகை ட்யூப் விலையைத் தொட்டுவிடும்.

6. படம் எடுக்கும்போது

மரத்து ஆர்க்கிட்கள் தலைக்கு மேலே இருக்கும். மரம் ஏறாதீர்கள், கிளையை வளைக்காதீர்கள். 300 மில்லிமீட்டர் லென்ஸ் இருந்தால் பத்தடி, பதினைந்தடி உயரம் பிரச்சினையே இல்லை. காலை ஏழு முதல் ஒன்பது வரை காற்று அடங்கியிருக்கும், வெளிச்சமும் மென்மை. மேகமூட்டம் கிடைத்தால் இன்னும் நல்லது. வெயிலில் வெள்ளைப் பூக்கள் வெளிறிப் புள்ளிகள் மறைந்துவிடும். வெளிச்ச அளவைக் கொஞ்சம் குறைத்து எடுங்கள். உடன் வருகிறவர் வெள்ளைக் குடையைப் பிடித்தால் வெளிச்சத்தை மென்மையாக்க அதைவிட நல்ல டிஃப்யூசர் கிடையாது.

ஒபெரோனியா போன்றவற்றின் ஒரு பூ ஓரிரு மில்லிமீட்டர்தான். கண்ணுக்குப் பூவாகவே தெரியாது, ஏதோ கதிர்போல் இருக்கும். அங்கே லென்ஸ் துளையை எஃப் 8 முதல் 11 வரை வைத்து, சிறிய ஃபிளாஷ் பயன்படுத்தி, குவியத்தை இம்மியளவு நகர்த்தி நகர்த்திப் பல படங்கள் எடுத்துப் பிறகு கணினியில் ஒன்றாக அடுக்க வேண்டும். செல்பேசிக்காரர்கள் கிளிப் மேக்ரோ லென்ஸ் மாட்டிக்கொள்ளலாம்; கையைக் கிளையில் ஊன்றாமல் கல்லிலோ பையிலோ ஊன்றுங்கள்.

அழகான ஒரு படத்தோடு வருகிறவர்களிடம் எது என்ன இனம் என்று கேட்டால் சொல்ல முடிவதில்லை. காரணம், பூவின் முகத்தை மட்டும் எடுத்திருப்பார்கள். மரத்தோடு சேர்ந்த முழுச் செடி, இலையின் அடியும் நுனியும், பூங்கொத்து, பூவின் முகம், பக்கவாட்டு, பின்புறம், மரப்பட்டை ஆகியவற்றையும் எடுங்கள். பக்கவாட்டுப் படம் மிக முக்கியம். ஹேபனேரியாவின் பூவுக்குப் பின்னால் வால்போல் நீளும் தேன்குழலின் நீளத்தையும் பூவின் சூலகத்தின் நீளத்தையும் ஒப்பிடாமல் இனத்தைச் சொல்வது கடினம். ஒரு படத்திலாவது பக்கத்தில் அளவுகோல் இருக்கட்டும்.

பாசியைச் சுரண்டுவது, குறுக்கே வரும் கிளையை ஒடிப்பது, பனித்துளிக்காகத் தண்ணீர் தெளிப்பது எதுவும் வேண்டாம். தரை ஆர்க்கிட் எடுக்க மண்டியிடும் முன் முழங்காலுக்குக் கீழே இன்னொரு செடி இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று பூத்த இடத்தில் மொட்டோடு இன்னும் சில நிற்கும். ஜூன் காற்றில் கிளையோடு விழுந்து கிடக்கும் செடியைக் காட்டிலிருந்து எடுத்து வருவதும் குற்றம்தான். வீட்டுத் தோட்டத்தில் விழுந்திருந்தால் உரிமையாளரிடம் சொல்லி, அதே மரத்தில் தென்னங்கயிற்றால் கட்டிவிடலாம்.

யானைக் கூட்டம் நடமாடும் இடங்களில் குனிந்து வியூஃபைண்டருக்குள் மூழ்கிவிடாமல், ஒருவர் எப்போதும் நிமிர்ந்து காவல் நிற்க வேண்டும். புதிய சாணம், முறிந்த ஈற்றை மூங்கில் கழி கண்டால் படம் போதும்.

7. படத்தை வெளியிடுவதற்கு முன்

செல்பேசிப் படங்களுக்குள் இடத்தின் துல்லியமான ஆயங்கள் பதிந்திருக்கும். பகிரும் முன் நீக்கிவிடுங்கள். வாட்ஸாப் குழுவில் "எங்கே?" என்று கேட்பார்கள், மாவட்டத்தின் பெயர் போதும். உயிரினப் படங்களைப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றும்போது இடத்தை மறைக்கும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். விற்பனைக்காகச் செடி பறிப்பவர்களும் இவற்றையெல்லாம் படிக்கிறார்கள்.

இதில் விதிவிலக்கே இல்லாத ஓர் இனம் பாபியோபெடிலம் ட்ரூரியி. அகத்தியமலைத் தொடருக்கு மட்டுமே உரிய இது, அழிவின் விளிம்பில் இருக்கிறது. தென்னிந்தியாவில் இந்தப் பேரினத்தின் ஒரே இனம். பாதணி போன்ற மஞ்சள் உதட்டை எங்காவது பார்க்க நேர்ந்தால் படத்தையும் இடத்தையும் வனத்துறைக்கு மட்டும் கொடுங்கள். பேரினம் முழுவதும் வன உயிரினச் சட்டத்தின் தாவர அட்டவணையிலும், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலிலும் இருக்கிறது.

அனுமதிக் கடிதத்தில் படங்களின் நகல் கேட்டிருப்பார்கள். கேட்காவிட்டாலும் தேதி, மரம், உயரம், பூத்த நிலை குறித்த ஒரு பட்டியலோடு படங்களை ஒரு மாதத்துக்குள் சரக அலுவலகத்தில் கொடுத்து, அதற்கும் முத்திரை வாங்குங்கள். அடுத்த வருட விண்ணப்பத்தில் அந்த நகலை முதல் இணைப்பாக வைக்கலாம்.